அறுப்பு முடியட்டும், பார்க்கலாம்

டிசம்பர் பிறந்தால் எங்கள் தெருவுக்கு இரண்டு சமாசாரங்கள் வந்தே தீரும். ஒன்று, புயல் எச்சரிக்கை. இன்னொன்று, பாரிஸ் அண்ணனின் போன்.

புயலாவது சில வருஷம் மனசு மாறி ஆந்திரா பக்கம் திரும்பிவிடும். அண்ணன் திரும்பமாட்டார். நேரே வந்து கரையைக் கடப்பார்.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. என் தாத்தாவின் அண்ணன் பேரன். வெளியூர் வாசகர்களுக்கு இது ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட என்று கணக்குப் போட வேண்டிய உறவு. காரைக்காலில் அதெல்லாம் கேட்கமாட்டார்கள். 'பாரிஸ் அண்ணனா, ஊர் அண்ணனா?' என்று மட்டும் கேட்பார்கள். 1954 வரை பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர் ஐயா இது. இங்கே எத்தனையோ குடும்பங்களில் பாதிப் பேர் அங்கே பனியில் இருப்பார்கள், மீதிப் பேர் இங்கே பனியனில் இருப்பார்கள். நான் பனியன் கோஷ்டி.

''என்னடா பண்றே?''

''ஜி.எஸ்.டி. ஆனுவல் ரிட்டர்ன் போட்டுக்கிட்டிருக்கேண்ணே. முப்பத்தொண்ணு கடைசித் தேதி.''

''கிறிஸ்மஸ் லீவு இல்லையா உனக்கு?''

''கடைக்காரங்க பில்லை ஒழுங்கா குடுத்தாத்தானே எனக்கு லீவு.''

''இங்க நேத்து டி.வி.யில ஒரு பழைய கருப்பு வெள்ளைப் படம்டா. அமெரிக்கப் படம். 'லா வி எ பெல்'னு பிரெஞ்சுல பேரு. ஒரு ஆளு, பெரிய பெரிய பிளான்லாம் போடறான், ஆனா கடைசி வரைக்கும் ஊரை விட்டே போகமாட்டேங்கிறான். பார்த்தா உன் ஞாபகம் வந்துச்சு!'' என்று சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள். எட்டாயிரம் சொச்சம் கிலோமீட்டர் தாண்டி வந்து என் கால்குலேட்டர் மேல் விழுந்தது.

போனை வைத்த பிறகு அரை மணி நேரம் டெபிட் எது, கிரெடிட் எது என்று தெரியவில்லை.

எந்தப் படம் என்று புரிந்துவிட்டது. இங்கிலீஷில் 'இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்'. 1946-ல் ஃபிராங்க் காப்ரா எடுத்தது. ஜேம்ஸ் ஸ்டூவர்ட் ஹீரோ. பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கும்போது நண்பன் வீட்டு கம்ப்யூட்டரில், வாடகை டி.வி.டி.யில் பார்த்திருக்கிறேன். அட்டையில் சிரிக்கிற குடும்பத்தைப் பார்த்து ஏமாந்து எடுத்து வந்தோம். நண்பன் இருபதாவது நிமிஷத்தில் தூங்கிவிட்டான். நான் முழுசாகப் பார்த்துவிட்டு அவனை எழுப்பி ஒரே வரியில் விமர்சனம் சொன்னேன். ''கடைசி வரைக்கும் ஹீரோ வில்லனை ஒரு அறைகூட விடலைடா!''

அப்போது வயது பத்தொன்பது. இப்போது முப்பத்தாறு. இன்று அதே படத்தைப் பற்றி அண்ணன் என்னைக் கிண்டல் செய்கிறார் என்றால் சும்மா விடலாமா? அன்று ராத்திரி மழை பிடித்துக்கொண்டது. ரிட்டர்னை மூடி வைத்துவிட்டு, லேப்டாப்பை ஸ்டூலில் வைத்து, சம்சாரத்தையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படத்தைப் போட்டேன்.

பண்டிகைப் படம் என்றால் நமக்கும் அவர்களுக்கும் அர்த்தமே வேறு. நமக்கு அது பண்டிகையன்று ரிலீஸ் ஆகிற படம். முதல் ஷோ, விசில், தீபாவளி புதுச் சட்டையில் கிழிசல். எம்.கே. தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வந்து, மெட்ராஸ் பிராட்வே தியேட்டரை விட்டு நகராமல் மூன்று தீபாவளி பார்த்தது. படம் வந்த கொஞ்ச நாளிலேயே லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஹீரோ உள்ளே, படம் வெளியே! அமெரிக்காக்காரனுக்குப் பண்டிகைப் படம் என்பது அப்படியில்லை. வருஷா வருஷம் அதே படத்தை, அதே சோபாவில், அதே இடத்தில் அழுதுகொண்டு பார்க்க வேண்டும். நாம் சங்கராந்திக்குப் பரணிலிருந்து வெண்கலப் பானையை இறக்குவது மாதிரி, கிறிஸ்மஸுக்கு இந்தப் படத்தை இறக்குகிறார்கள்.

சரி, கதை. பெட்ஃபோர்ட் ஃபால்ஸ் என்று ஒரு கற்பனை ஊர். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அங்கே ஜார்ஜ் பெய்லி என்று ஒருவன். சின்ன வயசிலிருந்தே அவனுக்கு ஒரே வெறி, ஊரை விட்டுப் போக வேண்டும். உலகத்தைச் சுற்ற வேண்டும், பாலம் கட்ட வேண்டும், விமான நிலையம் கட்ட வேண்டும். பெட்டியெல்லாம் வாங்கிவிட்டான். கிளம்புகிற நேரத்தில் அப்பா இறந்துபோகிறார். அப்பா நடத்திய சின்ன வீட்டுக் கடன் சங்கத்தை ஊர்ப் பணக்காரன் பாட்டர் இழுத்து மூடப் பார்க்கிறான். ஜார்ஜ் தங்கிவிடுகிறான். தம்பி காலேஜுக்குப் போய்விட்டு வந்து பொறுப்பை ஏற்றுக்கொள்வான் என்று காத்திருக்கிறான். தம்பி வருகிறான், பெண்டாட்டியோடும், மாமனார் கம்பெனியில் வேலையோடும். மறுபடி தங்கிவிடுகிறான். கல்யாணமாகித் தேனிலவுக்குக் கிளம்பி டாக்சியில் ஏறுகிறான். அன்றைக்குப் பார்த்து ஊர் பாங்கு வாசலில் கூட்டம்!

இந்த இடத்தில் நான் படத்தை நிறுத்தி, சம்சாரத்துக்கு லெக்சர் கொடுத்தேன். (பி.காம். படித்ததன் பலனைக் கல்யாணத்துக்குப் பிறகு யார் மேலாவது காட்ட வேண்டாமா?) ஜார்ஜ் நடத்துவது பாங்கு இல்லை. நம்மூர் 'நிதி' மாதிரி. மெட்ராஸில் மயிலாப்பூர் இந்து பெர்மனன்ட் ஃபண்ட் 1872-ல் ஆரம்பித்தது. உறுப்பினர் பணம் போடுவார், உறுப்பினருக்குத்தான் கடன் கிடைக்கும். ஊர்க்காரன் காசு ஊர்க்காரன் வீட்டுச் சுவராக மாறும். விஷயம் என்னவென்றால், எல்லாரும் ஒரே நாளில் வந்து 'என் காசைக் கொடு' என்றால் எந்த நிதியாலும் கொடுக்க முடியாது. பெட்டியில் அவ்வளவு காசு இருக்கவே இருக்காது. இது மோசடி இல்லை, தொழிலே அப்படித்தான். ஜார்ஜ் அதைத்தான் சொல்கிறான். உங்கள் பணம் இங்கே இல்லை, இதோ நிற்கிறாரே இவர் வீட்டில் இருக்கிறது, அவர் வீட்டில் இருக்கிறது என்று. எங்கள் காலேஜில் ஒரு செமஸ்டர் பூரா நடத்தியும் புரியாத பாடம், இரண்டு நிமிஷத்தில் புரிந்தது.

ஆனால் கூட்டத்துக்கு லெக்சர் போதாது. பாட்டர் டாலருக்கு ஐம்பது சென்ட் தருகிறேன் என்கிறான். அவனிடம் ஓடலாமா என்று நிற்கிறார்கள். கல்யாணப் பெண் தேனிலவுக்கு வைத்திருந்த 2,000 டாலரைத் தூக்கிக் காட்டுகிறாள். முதலில் வந்த ஆள் தன் 242 டாலரையும் சில்லறை சுத்தமாக வாங்கிக்கொண்டு போகிறான். அடுத்தவர்கள் கொஞ்சம் வெட்கப்பட்டு இருபது போதும் என்கிறார்கள். ஒரு அம்மா, பதினேழரை டாலர் கிடைக்குமா என்று கேட்கிறாள். ஜார்ஜ் அவளை இழுத்துக் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுக்கிறான். சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைச் சாத்தும்போது மிச்சம் இரண்டே டாலர்.

எனக்கு எங்கள் வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்துவிட்டது.

நான் ஆறாம் கிளாஸ் படிக்கும்போது அம்மா தெருவில் ஏலச்சீட்டு நடத்தினார்கள். இருபது பேர், மாசம் ஐந்நூறு. (1982-லேயே சிட் ஃபண்ட் சட்டம் வந்துவிட்டது என்று அம்மாவுக்கு அப்போது தெரியாது. எனக்கு இப்போது தெரியும். ஆகவே தெருப் பெயர் சொல்லமாட்டேன்.) இரண்டாவது ஏலத்தில் சீட்டை எடுத்த ஒரு புண்ணியவான், ஐந்தாவது மாசம் வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு காணாமல் போனார். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் திண்ணை நிறையப் பெண்கள். அம்மா காபி போட்டுக் கொடுத்துவிட்டுச் சொன்னார்கள். ''உங்க பணத்தை நான் என்ன மூட்டையாவா கட்டி வச்சிருக்கேன்? மொத சீட்டு இந்தா நிக்கிறாளே, இவ மக பிரசவத்துக்குப் போச்சு. மூணாவது, மீன்கார அண்ணனோட படகு இன்ஜினுக்குப் போச்சு. திருப்பி மாசாமாசம் வருதுல்ல? ஓடிப்போனவன் பங்கை நான் கட்டறேன்.'' கட்டினார்கள். கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது, மூழ்கியும் போனது.

அன்று 'அடுத்த மாசம் பார்த்துக்கலாங்க்கா' என்று எழுந்து போனவர்கள் தெருக்காரர்கள். நின்று, கட்டின பணம் மொத்தத்தையும் எச்சில் தொட்டு எண்ணி வாங்கிக்கொண்டு போனவர் எங்கள் சொந்த அத்தை. காப்ராவுக்கு மனுஷர்களைத் தெரிந்திருக்கிறது.

மெட்ராஸுக்கும் இப்படி ஒரு நாள் வந்தது. 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி படுத்துக்கொண்டது. வெள்ளைக்காரன் பாங்கு, கோட்டை மாதிரி என்று நம்பிப் போட்ட ஆயிரக்கணக்கானவர்கள் தெருவுக்கு வந்தார்கள். சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதம் கடுங்காவல். (பாருங்கள், அவரும் ஜார்ஜ்!) அந்தச் சூட்டில்தான் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானவர்கள் நமக்கென்று ஒரு பாங்கு வேண்டும் என்று கிளம்பி, 1907 ஆகஸ்ட் 15-ல் இந்தியன் பாங்க் திறந்தது. டெபாசிட்டுக்கு இன்ஷூரன்ஸ் வர அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டு ஆனது. 1960-ல் கேரளத்தில் பாலை சென்ட்ரல் பாங்க் விழுந்த பிறகுதான் புத்தி வந்தது. 1962-ல் 1,500 ரூபாய் வரை காப்பு. 2020-லிருந்து 5 லட்சம். அம்மா மாதிரி ஆட்கள் நடத்துகிற சீட்டுக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அங்கே இன்ஷூரன்ஸ் என்பது அம்மா கழுத்தில் கிடந்ததுதான்.

படத்துக்கு வருகிறேன்.

வருஷம் ஓடுகிறது. கிறிஸ்மஸுக்கு முந்தின நாள். பாங்குக்குக் கட்ட வேண்டிய 8,000 டாலரை, மறதிக்கார சித்தப்பா எங்கேயோ தொலைத்துவிடுகிறார். எங்கே? தம்பிக்குப் போரில் பதக்கம் கிடைத்த செய்தியைப் பாட்டரிடம் பீற்றிக்கொள்ளும்போது, பணத்தை அவன் பேப்பருக்குள்ளேயே சுருட்டிக் கொடுத்துவிடுகிறார். பாட்டர் பார்த்துவிடுகிறான். வாயைத் திறக்கவில்லை. அதே நாள் ஆடிட் ஆபீசர் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

கேஷ் டாலி ஆகாத சாயங்காலம் என்றால் என்ன என்று இதைப் படிக்கிற ஆபீஸ் நண்பர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாற்பத்தேழு ரூபாய் உதைத்தாலே வயிறு கலங்கும். ஜார்ஜின் சம்பளம் வாரம் 45 டாலர், வருஷத்துக்கு 2,340. எட்டாயிரம் என்பது அவன் மூன்றரை வருஷ சம்பளம் கிட்டத்தட்ட. இந்தக் கணக்கை அவன் சொல்லவில்லை, நான்தான் போட்டேன். முன்பு ஒருமுறை பாட்டரே வருஷம் 20,000 சம்பளத்தில் வேலை தருகிறேன் என்று கூப்பிட்டிருக்கிறான். எட்டரை மடங்கு இன்க்ரிமென்ட்! முதலில் வாயைப் பிளந்து, அப்புறம் வேண்டாம் என்று சொன்னவன் இவன். நீங்களும் நானும் பாட்டர் கையைப் பிடித்து, எத்தனை மணிக்கு சார் ஜாயின் பண்ணணும் என்று கேட்டிருப்போம்.

இந்தப் படத்தைத் தேவதை படம் என்கிறார்கள். தேவதையெல்லாம் கடைசியில்தான். என் கட்சி, இதில் உச்சமான இடம் ஜார்ஜ் வீட்டுக்கு வருகிற காட்சி. கிறிஸ்மஸ் மரம் ஜோடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பெண் பியானோவில் அதே பாட்டைத் திரும்பத் திரும்பத் தட்டுகிறாள். ஒரு பையன் ஏதோ ஸ்பெல்லிங் கேட்கிறான். ஜார்ஜ் எரிந்து விழுகிறான். ஆசை ஆசையாகச் செய்து வைத்திருந்த பாலத்து மாடலை உதைத்து நொறுக்குகிறான். பெண்டாட்டி பிள்ளைகள் சுவரோடு ஒண்டிக்கொண்டு பார்க்கிறார்கள். அப்புறம், 'ஏன் நிறுத்திட்டே, வாசி' என்கிறான் அந்தப் பெண்ணிடம். பத்தொன்பது வயதில் இந்தக் காட்சியில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று ஞாபகமில்லை. முறுக்கு தின்றிருப்பேன். இப்போது பக்கத்தில் சம்சாரம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. போன மார்ச் மாதம் முப்பத்தொன்றாம் தேதி எங்கள் வீட்டில் நடந்த சம்பவம் இந்தப் பத்தியில் இடம்பெறாது.

ஜேம்ஸ் ஸ்டூவர்ட் யுத்தத்தில் குண்டு விமானம் ஓட்டியவர். இருபது தடவை நிஜச் சண்டைக்குப் பறந்துவிட்டு வந்து நடித்த முதல் படம் இது. மதுக்கடையில் உட்கார்ந்து, எனக்குப் பிரார்த்தனை செய்து பழக்கமில்லை என்று ஆரம்பித்து உடைகிற இடத்தில் அந்த ஆள் நடித்த மாதிரியே தெரியவில்லை. அதைப் பார்த்துவிட்டு 'ஜாலியான பண்டிகைப் படம்' என்று டி.வி.டி. அட்டையில் போட்டவனைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பாட்டரிடமே போய்க் கடன் கேட்கிறான். கையில் இருப்பது 15,000 டாலர் இன்ஷூரன்ஸ் பாலிசி. அப்படியானால் நீ உயிரோடு இருப்பதைவிடச் செத்தால்தான் மதிப்பு அதிகம் என்கிறான் கிழவன். பாலத்துக்குப் போகிறான் ஜார்ஜ். அங்கே தேவதை வருகிறார், வயசான, இறக்கை இன்னும் அலாட் ஆகாத, செகண்ட் கிளாஸ் தேவதை. பிரமோஷனுக்குக் காத்திருக்கிற சீனியர் கிளார்க் மாதிரி. நீ பிறக்காமலே இருந்திருந்தால் ஊர் எப்படி இருந்திருக்கும் பார் என்று காட்டுகிறார். தம்பி பனிக்கட்டியில் மூழ்கிச் செத்திருக்கிறான், காப்பாற்ற அண்ணன் இல்லாததால். வீட்டுக் காலனி இல்லை, சுடுகாடுதான் இருக்கிறது. ஊரே பாட்டர் பெயரில். பெண்டாட்டி மேரி? கல்யாணம் ஆகாமல், கண்ணாடி போட்டுக்கொண்டு, லைப்ரரியன் வேலையில்! ஜார்ஜ் ஐயோ என்று அலறுகிறான்.

''இது என்னங்க தண்டனை?'' என்றாள் சம்சாரம். ''நிம்மதியா புஸ்தகம் படிச்சிக்கிட்டு இருக்கா.''

இதற்கு என்னிடம் பதில் இல்லை. காப்ராவிடமும் இருந்திருக்காது.

கடைசியில் ஊரே திரண்டு வந்து காசைக் கொட்டுகிறது. ஆடிட் ஆபீசரே பையில் கைவிட்டுக் கொஞ்சம் போடுகிறார். (இந்தக் காட்சிக்காகவே இதை அறிவியல் புனைகதை என்று வகைப்படுத்தலாம்.) ஆனால் பாட்டர்? அவன் மேல் ஒரு துரும்பு படவில்லை. 8,000 டாலரை அமுக்கினது அமுக்கினதுதான். ஹாலிவுட்டில் அப்போது குற்றம் செய்தவன் தண்டனை அடைந்தே ஆக வேண்டும் என்று தணிக்கை விதியே இருந்தது. அதையும் மீறித் தப்பிவிட்டான். 1986-ல் அமெரிக்க டி.வி.யில் 'சாட்டர்டே நைட் லைவ்' ஆட்கள், காணாமல் போன கிளைமாக்ஸ் என்று சொல்லி, ஊரே கிளம்பிப் போய் பாட்டரைத் துவைத்து எடுக்கிற மாதிரி ஒரு நையாண்டி நாடகம் போட்டார்கள். ஆக, பத்தொன்பது வயதில் நான் சொன்ன விமர்சனம் சர்வதேசத் தரம் வாய்ந்தது. ஆனால் இந்தத் தடவை எனக்கு அந்த அறை தேவைப்படவில்லை. எங்கள் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடியவர், பக்கத்து ஊரில் மூன்று மாடி கட்டி நன்றாகத்தான் இருக்கிறார். பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் 'அம்மா சௌக்கியமா?' என்று வேறு கேட்கிறார்.

இப்போது தமாஷ் என்னவென்றால், இத்தனை கொண்டாட்டமான படம் வந்தபோது ஓடவில்லை. 1946 டிசம்பர் 20-ல் நியூயார்க்கில் திரையிட்டார்கள். ஆர்.கே.ஓ. கம்பெனிக் கணக்கில் ஐந்து லட்சம் டாலருக்கு மேல் நஷ்டம். ஐந்து ஆஸ்கர் பிரிவுகளில் பெயர் வந்து ஒன்றும் தேறவில்லை. கிடைத்தது ஒரே ஒரு தொழில்நுட்ப விருது, எதற்கு? பனிக்கு! அதற்கு முன்னால் சினிமாவில் பனி என்றால் வெள்ளையடித்த கார்ன்ஃபிளேக்ஸ். மிதித்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும், வசனம் கேட்காது. இவர்கள் தீயணைக்கிற நுரையையும் சோப்பையும் தண்ணீரையும் கலந்து விசிறியடித்தார்கள். ஷூட்டிங் நடந்தது கோடையில். நம் ஆள் ஓவர்கோட்டு போட்டுக்கொண்டு பனியில் வியர்த்து வழிவதை உற்றுப் பார்த்தால் தெரியும். காரைக்கால்காரனுக்கு அந்த வியர்வை நன்றாகத் தெரியும். போதாதற்கு எஃப்.பி.ஐ. ஆட்கள், பாங்க் முதலாளியை வில்லனாகக் காட்டியிருக்கிறான், இது கம்யூனிஸ்ட் வேலையாக இருக்குமோ என்று 1947-ல் குறிப்பு எழுதி ஃபைலில் வைத்தார்கள்.

இதோடு படம் கிடங்கில் செத்திருக்க வேண்டியது. பிழைக்க வைத்தது எது தெரியுமா? ஒரு பாரம்.

அங்கே அந்தக் காலச் சட்டப்படி காப்புரிமை 28 வருஷம். அப்புறம் ரினியூவல் விண்ணப்பம் போட்டால் மேலும் 28 வருஷம். 1974-ல் போட வேண்டும். உரிமை வைத்திருந்த கம்பெனியில் போடாமல் விட்டுவிட்டார்கள். யார் மேஜையில் தூங்கியதோ! படம் ஓசி ஆகிவிட்டது. ஓசி என்றால் டி.வி. ஸ்டேஷன்காரர்கள் விடுவார்களா? டிசம்பர் வந்தால் இந்த சேனலிலும் அதுதான், அந்த சேனலிலும் அதுதான். இப்படிப் போட்டுப் போட்டே வீட்டுக்கு வீடு அது சொந்தப் படம் ஆகிவிட்டது. 1993-ல் முழித்துக்கொண்டு, மூலக் கதையும் இசையும் எங்களுடையது என்று சொல்லி உரிமையைத் திரும்பக் கைப்பற்றினார்கள். அதற்குள் இருபது கிறிஸ்மஸ் போயாகிவிட்டது.

கெடுவுக்குள் ஒரு பாரத்தைப் போடாததால் வந்த வாழ்வு! தினமும் கெடு தேதியோடு மல்லுக்கட்டுகிற எனக்கு இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. அதற்குக் காரணம் ஜி.எஸ்.டி. மட்டும் இல்லை.

எங்கள் வீட்டிலும் ஒரு பாரம் உண்டு.

ஊரை விட்டுப் போவது காரைக்காலுக்குப் புதுசில்லை. காரைக்கால் அம்மையார் கதை தெரியும்தானே? ஆனி மாசம் மாங்கனித் திருவிழாவில் வீட்டு மாடியிலிருந்து மாம்பழத்தை வாரி இறைக்கிறோமே, அந்தக் கதை. வியாபாரி பரமதத்தன் வீட்டுக்கு இரண்டு மாம்பழம் அனுப்புகிறான். அடியாருக்கு ஒன்று போய்விட்டது, இருப்பு ஒன்று. சாப்பாட்டில் ஒன்று தின்றுவிட்டு இன்னொன்றும் கேட்டான். அம்மையார் வேண்டிக்கொள்ள, ஒரு பழம் வந்தது. ருசி வேறு மாதிரி இருக்கிறதே என்று விசாரித்தான். ஸ்டாக் ரிஜிஸ்டரில் வரவே இல்லாத சரக்கு! வியாபாரி பயந்துபோய்க் கப்பலேறிவிட்டான். பெட்ஃபோர்ட் ஃபால்ஸில் கணக்குக் குறைந்ததற்கு ஊர் கூடியது. எங்கள் ஊரில் கணக்குக் கூடினதற்குப் புருஷன் ஓடினான். இந்த ஊரின் முதல் என்.ஆர்.ஐ. அவன்தான் என்று நான் சொன்னால் பெரியவர்கள் அடிக்க வருவார்கள்.

அப்புறம் 1962. ஆட்சி 1954-லேயே கைமாறிவிட்டாலும், சட்டப்படி ஒப்படைத்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். இங்கேயே பிறந்து இங்கேயே இருப்பவர்கள் எல்லாம் அன்று முதல் இந்தியப் பிரஜை. பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்க வேண்டும் என்பவர்கள் ஆறு மாசத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பெரிய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய் வந்தவர். கொடுத்தார். அவர் சந்ததி பனிக்குப் போனது. என் தாத்தா கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால் எங்கள் குடும்பத்தில் ஒரே பதில், 'மறந்துட்டார்.' சின்ன வயசிலிருந்து கல்யாணம், கருமாதி எல்லாவற்றிலும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பாஸ்போர்ட் ஆபீஸ் கியூவில் நின்ற அன்று மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் அப்பாவிடம் கேட்டேன். ''ஏம்ப்பா, தாத்தா நெசமாவே மறந்துட்டாரா?''

பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார். ''எனக்கு அப்ப அஞ்சு வயசு. பெரிய தாத்தா சைக்கிள்ல வந்து வந்து கேட்டுக்கிட்டிருந்தது மட்டும் ஞாபகம் இருக்கு. தை மாசம். அறுப்பு நேரம். 'அறுப்பு முடியட்டும், பார்க்கலாம்'பாரு எங்கப்பா. அறுப்பு முடிஞ்சுது, கதிரடிச்சாச்சு, வைக்கப்போர் போட்டாச்சு. மாசி பொறந்துடுச்சு. கெடு முடிஞ்சிடுச்சு.''

''மறந்துதானே போயிருக்கார்?''

அப்பா பேப்பரை மடித்தார். ''மறந்தவரு பாரத்தை எதுக்குடா டிரங்குப் பெட்டியில வச்சிருந்தாரு?''

பரணில் ஏறினேன். பத்திரங்கள் கிடக்கிற பெட்டி. நில வரி ரசீது, தாத்தா கல்யாணப் பத்திரிகை, அதற்கும் அடியில் துணியில் சுற்றி ஒரு தாள். மடித்த இடத்தில் கிழிந்திருந்தது. மேலே டைப் அடித்த பிரெஞ்சு. பெயர், தகப்பனார் பெயர், ஊர் எல்லாம் பெரிய தாத்தா கையெழுத்தில் நிரப்பியிருந்தது. கையெழுத்துப் போடுகிற இடம் மட்டும் காலி.

போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். 'அண்ணே, அந்தப் படத்துல அவன் போகமாட்டேன்னு சொல்லலை. திரும்பப் பாருங்க' என்றும் ஒரு வரி சேர்த்தேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை. எல்லாவற்றுக்கும் உடனே இளிக்கிற பொம்மை போடுகிற மனுஷன்.

ராத்திரி பதினொரு மணிக்குப் போன் வந்தது.

''எங்க தாத்தா கையெழுத்துடா அது'' என்றார்.

''ஆமாண்ணே.''

''உனக்கு ஒண்ணு தெரியுமா? அவரு சாகிற வரைக்கும் பாரிஸ்ல கைக்கடியாரத்தைத் திருத்தவே இல்லை. ஊர் டயம்லயே ஓடிக்கிட்டிருக்கும். நாங்க மணி கேட்டா, அவரு பார்த்துட்டு, மனசுக்குள்ள கழிச்சு, அப்புறம் சொல்வாரு.''

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. இங்கே மழை மறுபடி வலுத்தது.

''மழையா?''

''ஆமாண்ணே. நாலாவது நாள்.''

''ரிட்டர்ன் போட்டுட்டியா?''

''இன்னும் ரெண்டு கடை பாக்கி'' என்றேன்.